எதிர் வீட்டுப் பண்டிகை

பாளையங்கோட்டையில் இடிபடாமல் மிச்சமிருக்கும் பழைய வளவுகளில் எங்களுடையதும் ஒன்று. நடுவே நீள முற்றம், அதில் ஓர் அடிபம்பு, இரண்டு பக்கமும் மும்மூன்று வீடுகள். என் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் எதிர் வீட்டின் முன்னறை முழுக்கத் தெரியும். அந்த வீட்டில் பகலில் முன்கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் தையல் மிஷினுக்கு வெளிச்சம் போதாது.

கணவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. மனைவி வீட்டிலேயே தைக்கிறார். மூத்தவள் நாலாம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. இருவருக்கும் நான் தாத்தா. பெரியவர்கள் என்னை மாமா என்பார்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவர்களுக்கும் நின்று பேச நேரம் கிடையாது. பார்த்துக்கொண்டிருப்பதிலேயே எங்கள் உறவு வளர்ந்திருக்கிறது.

விடியுமுன் முதலில் கேட்பது அடிபம்பு. கணவர் குடங்களை நிரப்பிக்கொண்டிருப்பார். உள்ளே அந்நேரமே ட்யூப்லைட் எரியும். அந்தப் பெண் தரையில் துணியை விரித்து, அளவு ரவிக்கையை அதன்மேல் வைத்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருப்பார். அடுப்படிக்குப் போகுமுன் அன்றைக்குத் தைக்க வேண்டியதை எல்லாம் வெட்டிவிட வேண்டும். தாளித்த கையோடு பட்டைத் தொட்டால் கறை விழும்; பட்டில் விழுந்த எண்ணெய்க் கறைக்குப் பதில் சொல்லி முடியாது. வெட்டிய துண்டுகளைச் சுருட்டி, சேலைக் கரையிலிருந்து கிழித்த நாடாவால் கட்டி வரிசையாக வைத்துவிட்டுத்தான் அரிசி களைவார்.

மகளுக்குத் தலை பின்னுவது அப்பா. கடையில் நாள் முழுக்கச் சேலைக்கு மடிப்பு வைத்துக் காட்டிப் பழகிய விரல்கள். இரட்டைச் சடை இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். ரிப்பனைக் கட்டிவிட்டு, இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, ஒரு தரம் சரிபார்ப்பார். பிறகு, "போ, அம்மைட்ட காட்டிட்டு வா" என்பார். அம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, "உங்க அப்பாக்குப் பெறவுதான் ஊருல எல்லாரும்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூட வேன் போன பிறகு மிஷின் ஓயாது. அடுப்பில் குக்கர் இருக்கும். விசில் வந்தால் மிஷினை நிறுத்தி எழுந்து அணைப்பார். திரும்பி வந்து அதே தையலில் ஊசியை இறக்குவார். நடுவில் கியாஸ்காரர் வருவார், நல்லதண்ணி வரும், தைத்த துணியை வாங்க யாராவது வருவார்கள். 2024-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. 2019-இல் அது 299-ம் 97-மாக இருந்தது. அந்தக் கணக்கெடுப்புக்காரர்கள் இந்த வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தால் எதை எதில் எழுதுவார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. கால் கூலி வேலையில் இருக்கிறது, காது அடுப்படியில் இருக்கிறது, வாய் சின்னவனுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கிறது. அத்தனையும் ஒரே நிமிடத்துக்குள் நடக்கிறது.

அவர் கடையிலிருந்து திரும்புவதற்குச் சாதாரண நாளில் இரவு ஒன்பதரை ஆகும். தீபாவளி நெருங்கினால் பதினொன்று. அந்த நெருக்கடி பொங்கல் வரைக்கும் போகும். திரும்பி வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொள்வார். தூங்காமல் காத்திருந்த சின்னவன் பிறகு அவர் கெண்டைக்காலில் ஏறி நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பான். "இன்னும் கொஞ்சம் மேலல… ஆங், அங்கதான்." கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை போட்டே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது. கேரளம் அதை 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் கூட்டம் நெரியும் நாளில் கவுண்டருக்கு முன்னால் ஐந்து பேர் நின்று, "அந்தப் பச்சையை எடுங்க, அதுக்கு மேல உள்ளதை எடுங்க" என்று கேட்கும்போது, பக்கத்தில் இருக்கும் ஸ்டூலில் யாரால் உட்கார முடியும்?

அத்தனைக்குப் பிறகும் பிள்ளைகளின் யூனிஃபார்மைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுவது அவர்தான். பாதி ராத்திரியில் மாடியில் ஆள் நடக்கும் சத்தம் கேட்டால் வளவில் யாரும் பயப்படுவதில்லை.

டிசம்பர் முதல் வாரம் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறும். இந்த முறை பகலில் நேரம் கிடைக்காததால் இரவு பதினொன்றரைக்குத்தான் ஏற்றினார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் மூங்கிலைக் கட்டி, அவர் உச்சியில் ஒயரைச் சுற்ற, மூத்தவள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் கீழே முற்றத்தில் சுவிட்ச் பக்கத்தில் நின்று, "போடட்டா? அப்பா, போடட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "பொறுல, ஷாக் அடிச்சிரும்." கடைசியில் அவர் "போடுல" என்றதும் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் முற்றம் முழுக்க விழுந்தது. அந்தப் பெண் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. ஒரு நிமிடம் இருக்கும். உள்ளே போய் மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வீட்டுச் சுவரில் முழங்காலுக்கு மேல் ஒரு மங்கல் கோடு ஓடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தண்ணீர் ஏறி நின்ற அடையாளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது அப்போதுதான். தாமிரபரணி கரை மீறி ஓடியது. எங்கள் வளவுக்குள் விடியற்காலையில் தண்ணீர் நுழைந்தபோது அவர்கள் முதலில் பரண்மேல் ஏற்றியது ஊரார் துணிப் பைகளை. அடுத்தது பிள்ளைகளின் புத்தகம். மிஷினின் தலையைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார்கள். சொந்தத் துணிமணி இருந்த பீரோவின் கீழ்த்தட்டுக்கு வரும்போது தண்ணீர் உள்ளே போயிருந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மின்சாரம் வந்த அன்றே அந்தப் பெண் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு ரவிக்கைத் துணிகூட நனையவில்லை. இதைப் பற்றி அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. பார்த்ததால் எழுதுகிறேன்.

டிசம்பர் பாதிக்கு மேல் முன்னறைச் சுவரில் ஆணி தெரியாது. கட்டைப்பைகளாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு, சீட்டில் பெயரும் தேதியும். லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றை வெட்டித் தைத்து, கைமடிப்பும் கொக்கியும் முடிக்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பஃப் கை, பைப்பிங், முதுகில் நாடா என்றால் இன்னும் கூடும். அரையாண்டுத் தேர்வு வேறு அதே வாரத்தில். மூத்தவள் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாடு சொல்வாள். தவறு வந்தால் மிஷின் நிற்கும். திருத்திச் சொன்னால் ஓடும். அம்மா வாயே திறக்க வேண்டியதில்லை. சின்னவனுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிக் கையில் வைத்திருக்கிறான். தரையில் இழுத்துக்கொண்டே போய் விழுந்த குண்டூசிகளை எல்லாம் பொறுக்கி டப்பாவில் போடுவான். வெறுங்காலோடு அலைகிற வீட்டில் அது பெரிய வேலை.

20-ஆம் தேதிவாக்கில் மெஞ்ஞானபுரத்திலிருந்து ஆச்சி வந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா. ஒரு பையில் உடன்குடிக் கருப்பட்டி, ஒரு பையில் தேங்காய். வந்ததிலிருந்து கொக்கி வைப்பது, கைமடிப்பு அடிப்பது எல்லாம் ஆச்சி பொறுப்பு. கண்ணில் ஊசி கோர்க்கும் பார்வை இல்லை. மூத்தவள் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு பெட்டி ஊசியையும் நிறம் நிறமாகக் கோர்த்து, ஜன்னல் திரையின் ஓரத்தில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போவாள். சிவப்பு, பச்சை, மயில் கழுத்து நீலம், அரக்கு. நூல்கள் தொங்கி ஆடும். ஆச்சி அன்றைய வேலைக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் திரும்பி வந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்தத் திரையைத்தான். எத்தனை ஊசி தீர்ந்திருக்கிறதோ அத்தனை ரவிக்கை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

22-ஆம் தேதி மத்தியானம் ஒரு பெண் ஸ்கூட்டியை அணைக்காமல் வாசலில் நின்று பையை நீட்டினார். "யக்கா, ரெண்டே ரெண்டு ரவிக்கதான். இருபத்துநாலு சாயந்தரம் குடுத்தாப் போதும்." எதிர் வீட்டுப் பெண் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வச்சிட்டுப் போங்க" என்றார். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வருடம் அந்தப் பை இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். ஸ்கூட்டி போன பிறகு ஆச்சி மெதுவாகக் கேட்டார்கள்: "ஏளா, பிள்ளைக்கு எப்பம்ளா தைப்ப?" பதில் வரவில்லை. மிஷின் சத்தம்தான் வந்தது.

அன்று இரவுதான் முந்திரிக்கொத்து. அவர் கடையிலிருந்து வந்த பிறகு, பதினொரு மணிக்குத் தொடங்கினார்கள். வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவு, எள், வறுத்த தேங்காய்த் துருவல், ஏலம். கருப்பட்டிப் பாகை ஆச்சி பதம் பார்த்து ஊற்றினார்கள். அந்த மணம் முற்றத்தைத் தாண்டி என் படுக்கைவரை வந்தது. சூடு ஆறினால் உருண்டை பிடிக்க வராது. அவர் உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, ஊதி ஊதி உருட்டினார். மூன்று மூன்றாகச் சேர்த்து மாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட்டது ஆச்சி. அந்தப் பெண் சுவரில் சாய்ந்தபடி கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வேலை பக்கமே வரவில்லை. மடியில் கிடந்தது அடுத்தவர் பட்டு. "அத்தான், எனக்கு ஒண்ணு குடுங்க, கையில தர வேண்டாம்" என்றார். அவர் ஒரு கொத்தை உடைத்து ஆறவைத்து வாயில் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்து அந்த மாதம் அவர்கள் இரண்டு பேரும் சிரித்து உட்கார்ந்தது அப்போதுதான்.

மறுநாள் இரவு ஒரு மணி இருக்கும், கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. சபையின் பாடகர் குழு. கீபோர்டு, டிரம், சிவப்பு அங்கியில் கிறிஸ்துமஸ் தாத்தா. வளவு மொத்தமும் எழுந்து வாசலுக்கு வந்தது. எங்கள் வளவில் இரண்டு வீடுகள்தான் கிறிஸ்தவர்கள், இருந்தும் கேரலுக்கு ஆறு வீட்டுப் பிள்ளைகளும் கைதட்டுவார்கள். எங்கள் வீட்டு வாசலில் அது மார்கழிக் கோலம் காயாத நேரம். பாட வந்தவர்கள் ஓரமாகக் காலை வைத்து ஒதுங்கி நின்றார்கள். போதகரான ஐயர் சுருக்கமாக ஜெபித்தார். சின்னவன் அப்பா தோளில் பாதித் தூக்கத்தில் மிட்டாயைக் கையில் இறுக்கிக்கொண்டான். பாட்டு தெரு முனை திரும்பும்வரை அந்தப் பெண் வாசலிலேயே நின்றார். அவருக்கு நல்ல குரல். பழைய சபையில் பாடகர் குழுவில் இருந்தவர் என்று ஆச்சி ஒரு முறை சொன்னார்கள்.

24-ஆம் தேதி காலையிலிருந்து பைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வந்தவர்களில் பலர் போட்டுப் பார்த்து, பிடித்துப்போய், பத்து இருபது சேர்த்துக் கொடுத்தார்கள். சிலர், "கை கொஞ்சம் லூசா இருக்கு" என்று நின்றார்கள். உடனே பிரித்து அடித்துக் கொடுத்தார். கூலியைப் பண்டிகை முடிந்து தருகிறேன் என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். ஸ்கூட்டிப் பெண் சொன்னது சாயங்காலம். வந்தது இரவு ஒன்பதுக்கு.

கடைசிப் பை போன பிறகுதான் மகளின் கவுன் மிஷினுக்கு வந்தது. கடையில் ஊழியர் விலைக்கு அவர் எடுத்து வந்த ரோஸ் நிற நெட் துணி. வெட்டி வைத்து ஒரு வாரமாகப் பீரோவில் இருந்தது. மகள் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பாபின் நூல் தீரும்போதெல்லாம் அவளே சுற்றிக் கொடுத்தாள். கீழ் ஓரத்தில் நாலு விரல் அகலம் உள்ளே மடித்து, நீளத் தையலாகப் போட்டார் அம்மா. அடுத்த வருடம் பிரித்து இறக்கிவிடலாம். கவுன் முடியும்போது அப்பா வந்துவிட்டார். கடை சாத்தப் பதினொன்றரை ஆகிவிட்டதாம். அவள் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஸ்டாருக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றினாள். என் திண்ணைப் பக்கம் வந்து, "தாத்தா, முழிச்சுதான இருக்கிய? எப்படி இருக்கு?" என்றாள். இடுப்பில் ஒரு குண்டூசி இன்னும் இருந்தது. நான் எடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கெல்லாம் குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஊசிக்கோபுரத்தில் விடியற்கால ஆராதனை. 1826-இல் கட்டிய கோயில் அது. இந்த ஆச்சியின் ஆச்சிக்கும் அங்கேதான் கல்யாணம் நடந்ததாம். விடிந்து திரும்பியதும் தட்டுகள் புறப்பட்டன. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், ஒரு துண்டு கேக், இரண்டு வாழைப்பழம். மூத்தவள் புதுக் கவுனில் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வளவில் யாரும் வெறுந்தட்டைத் திருப்புவதில்லை. சீனியாவது ஒரு கை போட்டுத்தான் கொடுப்போம்.

மத்தியானக் கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீடு தூங்கியது. கணவர் மிஷின் காலடியில் வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்து. சின்னவன் அவர் வயிற்றின்மேல். மிஷின்மேல் ஒரு பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. அந்தப் பெண் நாலு மணிக்கு எழுந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். கையில் துணி இல்லை, ஊசி இல்லை, கத்தரி இல்லை. முற்றத்தைப் பார்த்தபடி வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வளவில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கடையில் அவருக்குக் கிடைத்த லீவு அந்த ஒரு நாள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அரை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? மணப்பாடு கடற்கரைக்குப் போக வேண்டும் என்று மூத்தவள் போன வருடத்திலிருந்து கேட்கிறாள். போய்வர ஒரு முழுநாள் வேண்டும். கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, 1987-இலிருந்து. அங்கே போனார்கள். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கும் மகளுக்கும் கட்டணமில்லை. பார்த்து முடித்ததும் அவர் அங்கிருந்தே வண்ணார்பேட்டைக் கடைக்கு நடந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். சாயங்காலம் சின்னவன் என் மடியில் ஏறி, "தாத்தா, ஒரு கண்ணாடியில நான் குண்டா இருந்தேன், அப்பா குட்டையா ஆயிட்டாவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மணப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. மூத்தவள் நினைத்திருப்பாள். சொல்லவில்லை.

31-ஆம் தேதி நடுச்சாம ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை இப்போது மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அப்பா மறுபடி சடை பின்னுகிறார். ஆச்சி ஊருக்குப் போகும்போது கோர்க்காத ஊசிப் பெட்டியைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆணிகளில் பொங்கல் பைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நோட்டில் எழுதிய பாக்கியில் இரண்டு பேர் கொடுத்துவிட்டார்கள்.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு மூன்று காரியம் இருக்கிறது. பண்டிகைக்குத் தைக்கிற துணியை மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். தைத்து வாங்கும்போதே கூலியைக் கையில் கொடுங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு மேல் ஜவுளிக்கடைக்குள் நுழையாதீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் வீட்டில் பிள்ளைகள் முழித்துக்கொண்டிருக்கிறார்கள்.